அம்மாவும் பதினேழு கேள்விகளும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. மன்னிச்சுக்கோங்க மக்களே. ஆய்வேடு, ஆய்வேடுன்னு ராத்திரி பகலா ஓடிக்கிட்டிருக்கேன். லீட்ஸ்ல ஏப்ரல் வந்தும் குளிர் விடல. அறையில ஹீட்டர் போட்டா பில் பயம், போடலைன்னா விரல் விறைச்சுப் போய் தட்டச்சு பண்ண முடியல. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் என் முதுகலைப் படிப்பு நகர்ந்துக்கிட்டிருக்கு.

சரி, மேட்டருக்கு வர்றேன். என் ஆய்வுத் தலைப்பு என்னன்னு பல பேர் கேட்டிருக்கீங்க. தமிழ்ல சொன்னா, "பள்ளி ஆசிரியர்களோட ஈடுபாட்டை எதெல்லாம் தீர்மானிக்குது?" இவ்வளவுதான். கேட்க சாதாரணமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் போடற வரைக்கும்.

எங்க அம்மா தர்மபுரி மாவட்டத்துல அரசு தொடக்கப்பள்ளி இடைநிலை ஆசிரியை. 1996ல வேலைக்குச் சேர்ந்தவங்க. டீச்சர் வீட்டுப் பிள்ளைங்க யாராச்சும் இதைப் படிச்சா கை தூக்குங்க :-) பரீட்சை லீவுல விடைத்தாள் மார்க் கூட்டிக் கொடுத்தது, பதிவேட்டுல சிவப்பு மையில கோடு போட்டுக் கொடுத்தது எல்லாம் நமக்குத் தெரிஞ்ச வேலைதானே.

விஷயம் இதுதான். ஆசிரியர்கள்கிட்ட கொடுக்கப் போற கேள்விப் பட்டியலை முன்கூட்டியே யார்கிட்டயாவது சோதிச்சுப் பார்க்கச் சொன்னார் என் மேற்பார்வையாளர். நெதர்லாந்துல யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல ஷௌஃபெலி, பேக்கர் ஆகியோர் உருவாக்கின பட்டியல் அது. உலகம் பூரா பயன்படுத்தறாங்க. மொத்தம் 17 கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 6 வரைக்கும் எண் போடணும். 0ன்னா ஒருபோதும் இல்லை, 6ன்னா தினமும். வேலையில தெம்பு இருக்கா, வேலை மேல பற்று இருக்கா, வேலையில மூழ்கிப் போறீங்களா... இந்த மூணையும்தான் அந்த 17 கேள்வியும் சுத்திச் சுத்தி அளக்குது.

அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லி, "நம்பர் மட்டும் சொல்லும்மா"ன்னு ஆரம்பிச்சேன். காலையில எழுந்ததும் வேலைக்குக் கிளம்பணும்னு மனசு துடிக்குதாங்கற மாதிரி ஒரு கேள்வி. அம்மா கொஞ்ச நேரம் பேசல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் கேட்டாங்க:

"ஏண்டி, இதுக்கு எந்த வருஷத்துக்குப் பதில் சொல்லணும்?"

நான் அந்தக் கேள்விக்குத் தயாரா இல்லை. என் ஆய்வு முறையியல் அத்தியாயமும் தயாரா இல்லை :-(

கேமராவும் சம்பளமும்

நம்ம ஊர்ல ஆசிரியர் ஈடுபாடுன்னு பேச்செடுத்தா டீக்கடை பெஞ்சுலேர்ந்து டிவி விவாதம் வரைக்கும் ஒரே பல்லவிதான். "சம்பளம் வாங்கறாங்க, வேலை செய்யறதில்லை." இதுல உண்மையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். எண்கள் இருக்கு.

2003ல இந்தியா முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பு இல்லாம போய்ப் பார்த்தாங்க. கிரெமர், முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வு. நாலுல ஒரு ஆசிரியர் பள்ளியிலயே இல்லை. போன நேரத்துல பாடம் நடத்திக்கிட்டிருந்தவங்க பாதிப் பேர்கூட இல்லை. மகாராஷ்டிரத்துல 15 சதவீதம் பேர் இல்லை, ஜார்க்கண்டுல 42 சதவீதம். அடிக்கடி வராம இருந்ததுக்காக ஒரு ஆசிரியரை வேலையை விட்டு நீக்கினதா சொன்ன தலைமை ஆசிரியர், கிட்டத்தட்ட 3,000 அரசுப் பள்ளியில ஒரே ஒருத்தர்தான்.

அதே ஆய்வுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதை யாரும் டிவியில சொல்றதில்லை. சம்பளம் கூடுதலா வாங்கறவங்க ஒழுங்கா வர்றாங்கன்னு காட்ட முடியல. எதுக்குத் தொடர்பு இருந்ததுன்னா, பள்ளியில அடிப்படை வசதி இருக்கா, தார் ரோட்டுக்குப் பக்கமா, சமீபத்துல யாராவது ஆய்வுக்கு வந்தாங்களா.. இதுக்கெல்லாம்தான். அதாவது ஆளோட குணத்துல மட்டும் இல்லை, இடத்துலயும் இருக்கு.

ரெண்டாவது கதை ராஜஸ்தான், உதய்ப்பூர் பக்கம். சேவா மந்திர்ங்கற தொண்டு நிறுவனம் நடத்தின ஓராசிரியர் பள்ளிகள். அங்கே பாதிப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்தாங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஒரு மாணவர் படம் எடுக்கணும். ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது அஞ்சு மணி நேரம் இருக்கணும். எத்தனை நாள் படம் இருக்கோ அதைப் பொறுத்துச் சம்பளம். வராத ஆசிரியர் விகிதம் 42 சதவீதத்துலேர்ந்து 21 சதவீதமா பாதியாயிடுச்சு. பிள்ளைகளோட மதிப்பெண்ணும் கூடிச்சு. டுஃப்லோ, ஹன்னா, ரயன் மூணு பேரும் எழுதின அந்தக் கட்டுரை 2012ல வெளியாச்சு. எஸ்தர் டுஃப்லோ பின்னாடி 2019ல நோபல் வாங்கினார்.

இதை அம்மாகிட்ட பெருமையா சொன்னேன். "அப்ப எங்களுக்கெல்லாம் கேமரா வெச்சாத்தான் வருவோம்ங்கற?"ன்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்.

மூணாவது கதை இந்தோனேசியா. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு. 2005ல அங்கே ஒரு சட்டம் கொண்டு வந்து, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை ரெண்டு மடங்காக்கினாங்க. ஆய்வாளர்கள் சில பள்ளிகளுக்கு மட்டும் அந்த உயர்வு முன்கூட்டியே கிடைக்கிற மாதிரி ஏற்பாடு செஞ்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி கூடிச்சு, பக்கத்து வேலை பார்க்கறது குறைஞ்சுது, பணக் கவலை குறைஞ்சுது. பிள்ளைகள் படிப்புல? ஒண்ணும் மாறல. 2018ல வந்த அந்தக் கட்டுரையோட தலைப்பே ஏறக்குறைய "ரெண்டு மடங்கு கொடுத்தும் பலன் பூஜ்யம்"ங்கற அர்த்தத்துல இருக்கும்.

இதை வெச்சு "சம்பளம் கொடுக்கத் தேவையில்லை"ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. ஆந்திரப் பிரதேசத்துல முரளிதரனும் சுந்தரராமனும் செஞ்ச ஆய்வுல, பிள்ளைகளோட முன்னேற்றத்துக்கு ஏத்த மாதிரி ஒரு சின்ன ஊக்கத்தொகை கொடுத்தப்போ மதிப்பெண் கூடிச்சு. வேடிக்கை என்னன்னா, ஆசிரியர் வருகை மாறவே இல்லை. வந்த நாள்ல கூடுதலா சொல்லிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். ஆக, வர்றது வேற, வந்து செய்யறது வேற. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து இருக்கும். ஈடுபாட்டுக்கு எந்தப் பதிவேட்டுல கையெழுத்து?

அம்மாவோட மூணு வருஷம்

"எந்த வருஷத்துக்கு"ன்னு கேட்டாங்களே, "நீயே மூணு வருஷம் சொல்லு"ன்னேன். ரொம்ப யோசிக்காம சொன்னாங்க.

முதல் வருஷம் 2003. எனக்கு அப்போ மூணு வயசு, எதுவும் ஞாபகமில்லை. ஜூலை மாசம் தமிழ்நாட்டுல அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. ஓய்வூதியச் சலுகைகள் உட்பட பல சலுகைகளைக் குறைச்சதுக்கு எதிர்ப்பு. அன்றைய அ.தி.மு.க. அரசு அத்தியாவசியப் பணிகள் சட்டத்தின் கீழ் ஒரே வீச்சுல சுமார் 1.7 லட்சம் பேரை டிஸ்மிஸ் பண்ணிச்சு. அதுல எங்க அம்மாவும் ஒருத்தங்க. ஆகஸ்டு 6ம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லைன்னு தீர்ப்பு சொல்லிச்சு. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவங்களைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க.

"எழுதிக் குடுத்துட்டு வேலைக்கு ஒரு மாசத்துல திரும்பிட்டேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னாங்க அம்மா.

எனக்கு முதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சப்போ எழுதி வெச்சுக்கிட்டேன். தினமும் போயிருக்காங்க, கையெழுத்துப் போட்டிருக்காங்க, அ ஆ எழுத வெச்சிருக்காங்க. உள்ளுக்குள்ள ஆள் இல்லை. "அந்த ரெண்டு வருஷப் பிள்ளைங்க மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்லை பாப்பா. மத்த வருஷத்துப் பிள்ளைங்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்."

வேலைநிறுத்தம் சரியா தப்பான்னு நான் இங்க தீர்ப்பு சொல்ல வரல. ஒரு மாசம் மூடிக் கிடந்தா நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான், அது நிஜம். ஆனா ரெண்டு வருஷம் திறந்தே கிடந்து நடந்த நஷ்டத்தை யாரும் கணக்குல எழுதல.

ரெண்டாவது வருஷம் 2007. செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த நேரம். 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல, அப்போ ஆணையரா இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில ஆரம்பிச்சது. ஆந்திராவுல ரிஷிவேலி கிராமப் பள்ளிகள்ல நடந்ததைப் பார்த்து வந்த வழி. ஏணிப்படி, அட்டைகள், சுவர்ல பிள்ளைங்க கைக்கு எட்டற உயரத்துல கீழ்மட்டக் கரும்பலகை, பாயில வட்டமா உட்கார்ந்து படிக்கிறது.. அந்த வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீச்சரும் தரையிலதான் உட்காரணும்.

அம்மாவுக்கு முதல்ல செம கடுப்பாம். "யாரைக் கேட்டு கொண்டு வந்தாங்க? முட்டி வலியோட நான் தரையில உட்காரணுமா?" பயிற்சியில ரெண்டு பேரோட சண்டையே போட்டிருக்காங்க. பள்ளி ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டே ஆசிரியர்தான், ஆனா வகுப்பு அஞ்சு. ஒரே அறையில ஒண்ணாவதுக்கு "அம்மா, ஆடு" சொல்லிட்டு மூணாவதுக்கு வகுத்தல் போடறதுதான் அதுவரைக்கும் பொழப்பு. அட்டை வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் அதோட படியில அது போகுது. லீவு போட்ட பிள்ளை திரும்பி வந்தா விட்ட இடத்துலேர்ந்து எடுத்துக்கும். பருத்தி எடுக்கப் போயிட்டு பத்து நாள் கழிச்சு வந்த ஒரு பொண்ணு, யார்கிட்டயும் கேட்காம நேரா தன் அட்டையை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துச்சாம்.

"அன்னிக்குத்தான் இது நம்ம பள்ளிக்கூடத்துக்குன்னே யோசிச்சவன் எவனோ செஞ்சிருக்கான்னு தோணுச்சு." அந்த வருஷத்துக்கு அம்மா கொடுத்த எண் 6. எல்லாக் கேள்விக்கும் 6. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிக் கூடுதல் அட்டை செஞ்சது எனக்கே ஞாபகம் இருக்கு. எனக்குப் பசை தடவற வேலை :-)

செயல்வழிக் கற்றலைப் பத்தி விமர்சனமும் நிறைய உண்டு. மேலேர்ந்து திணிச்சாங்க, பல பள்ளியில அட்டை அலமாரியிலயே இருந்துச்சு, எழுத்துப் பயிற்சி குறைஞ்சுதுன்னு. எல்லா ஆசிரியருக்கும் அது 6 கொடுக்கல. எங்க அம்மாவுக்குக் கொடுத்துச்சு.

மூணாவது வருஷம்? "இப்ப"ன்னாங்க. காலையில போனதும் செயலியில வருகைப் பதிவு. கிராமத்துல சிக்னல் கிடைக்கலைன்னா வேப்பமரத்தடியில போய் நின்னு போனைத் தூக்கிப் பிடிக்கணும். அப்புறம் எமிஸ்ல பிள்ளைகள் விவரம், நலத்திட்டப் பொருள் விவரம், மதிய உணவுக் கணக்கு. 2022லேர்ந்து எண்ணும் எழுத்தும் திட்டம், அதுல மதிப்பீட்டைச் செயலியில ஏத்தணும். நடுவுல வாக்காளர் பட்டியல் வேலை. கல்வி உரிமைச் சட்டம் 2009ல 27வது பிரிவு, கற்பித்தல் தவிர்த்த வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாதுங்குது. ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூணுக்கும் விலக்கு இருக்கு.

"எண்ணும் எழுத்தும் புத்தகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் நேரமும் தெம்பும் இல்லை. 2ன்னு போட்டுக்கோ."

கான் சொன்ன மூணு

இந்த இடத்துல கொஞ்சம் தியரி. தூங்கிடாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன்.

1990ல வில்லியம் கான்னு ஒரு அமெரிக்கர், கோடைக்கால முகாம்ல வேலை செய்யறவங்களையும் ஒரு கட்டடக் கலை நிறுவன ஊழியர்களையும் கூர்ந்து கவனிச்சு எழுதினார். ஒரு ஆள் தன்னை முழுசா வேலைக்குள்ள கொண்டு வரணும்னா மூணு விஷயம் இருக்கணுமாம். இந்த வேலைக்கு அர்த்தம் இருக்கு. வாயைத் திறந்தா அடி விழாது. இதைச் செய்ய என்கிட்ட தெம்பு மிச்சம் இருக்கு. அம்மாவோட மூணு வருஷத்தையும் இது பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். 2003ல பயம், 2007ல அர்த்தம், இப்ப தெம்பு இல்லை. அம்மா கானைப் படிச்சதில்லை. கானும் தர்மபுரி பக்கம் வந்ததில்லை.

2006ல ஹகனென், பேக்கர், ஷௌஃபெலி மூணு பேரும் பின்லாந்துல 2,038 ஆசிரியர்களை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல எனக்கு முக்கியமாப் பட்டது, சோர்வுக்குப் போற பாதையும் ஈடுபாட்டுக்குப் போற பாதையும் ஒண்ணில்லைங்கறது. வேலைச் சுமை, பிள்ளைகளோட ஒழுங்குப் பிரச்சினை இதெல்லாம் ஆளைச் சோர்வாக்கி உடம்பைக் கெடுக்குது. மேலதிகாரியோட ஆதரவு, தன் வகுப்பைத் தானே முடிவு செய்யற சுதந்திரம், சக ஆசிரியர்களோட நல்லுறவு இதெல்லாம் ஈடுபாட்டை வளர்க்குது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடும், ஆனா சுமையை மட்டும் இறக்கி வெச்சா ஈடுபாடு தானா வந்துடாது. ஆதரவையும் கொடுக்கணும். பின்லாந்துக் கதைன்னாலே சொர்க்கம்னு நினைக்கிறவங்க கவனிக்க, அங்கேயும் சோர்வு இருக்கு.

நான் இருக்கற இங்கிலாந்துலயும் நிலைமை சுகமில்லை. அரசுப் பள்ளியில சேர்ற ஆசிரியர்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தர் அஞ்சு வருஷத்துக்குள்ள வேலையை விட்டுடறாங்க. பள்ளி ஆய்வு செய்யற ஆஃப்ஸ்டட் அமைப்பு ஒரு முழுப் பள்ளிக்கும் ஒத்தை வார்த்தையில தரம் போட்டுக்கிட்டிருந்தது. பல வருஷ எதிர்ப்புக்கு அப்புறம் 2024 செப்டம்பர்லதான் அரசுப் பள்ளிகளுக்கு அந்த வழக்கத்தை நிறுத்தினாங்க. பகுதி நேரமா நான் ஒரு தொடக்கப் பள்ளியில, பள்ளி முடிஞ்சப்புறம் பிள்ளைகளைப் பார்த்துக்கற வேலைக்குப் போறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வந்தா, கார்ல உட்கார்ந்து ஸ்டியரிங்ல தலை சாய்ச்சுக்கிட்டிருக்கற டீச்சரைப் பார்த்திருக்கேன். எங்க அம்மா பஸ் ஸ்டாப் பெஞ்சுல அப்படித்தான் உட்காருவாங்க.

கேட்கக் கூடாத கேள்வி

பதினேழும் முடிஞ்சுது. பட்டியல்ல இல்லாத ஒரு கேள்வி எனக்குள்ள ரொம்ப வருஷமா இருந்துச்சு. அன்னிக்குக் கேட்டுட்டேன்.

"அம்மா, உன் பள்ளிக்கூடத்துல ஏம்மா என்னைச் சேர்க்கல?"

நான் படிச்சது டவுன்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல். அம்மா தினமும் ஒரு பஸ் ஏறி கிராமத்துக்குப் போவாங்க, நான் எதிர்ப்பக்கம் வேன் ஏறுவேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த மிஸ்ஸுங்க அம்மா சம்பளத்துல கால்வாசிகூட வாங்கியிருக்க மாட்டாங்க. அந்த 2003 ஆய்வுலயும் இது இருக்கு. கிராமத்துத் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் ரொம்பக் கம்மி, ஆனா அதே கிராமத்து அரசுப் பள்ளியோட ஒப்பிட்டா வராம இருக்கறது 8 புள்ளி குறைவு. வரலைன்னா வேலை போயிடும்ல.

அம்மா கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். படல.

"நான் வகுப்புல இருந்தா நல்லா சொல்லிக் குடுப்பேன்டி. வருஷத்துக்கு எத்தனை நாள் வகுப்புல முழுசா இருந்தேன்னு எனக்குத்தானே தெரியும்? தெரிஞ்சுக்கிட்டு உன்னை எப்படிச் சேர்ப்பேன்?"

பயிற்சி, கூட்டம், கணக்கெடுப்பு, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அலையறது, தலைமை ஆசிரியர் வெளியே போனா அஞ்சு வகுப்பையும் ஒரே ஆளா பார்க்கறது. லீவு போட்ட கணக்குல இதெல்லாம் வராது. பணியில இருக்காங்க, பாடத்துல இல்லை.

எனக்கு வேற பள்ளிக்கூடம் இருந்துச்சு. நான் இங்க லீட்ஸ்ல உட்கார்ந்து இதைத் தட்டறேன்னா அதுவும் ஒரு காரணம். பருத்தி எடுத்துட்டு வந்து அட்டை தேடின பொண்ணுக்கு வேற பள்ளிக்கூடம் இல்லை. அவளுக்கு 6 போட்ட டீச்சர் கிடைச்சாங்களா, 2 போட்ட டீச்சர் கிடைச்சாங்களாங்கறது அவ பிறந்த வருஷத்தைப் பொறுத்த விஷயமா இருந்திருக்கு. ரெண்டு டீச்சரும் ஒரே ஆள்தான்.

அதனால என் கேள்விப் பட்டியல்ல ஒரு மாற்றம் செஞ்சிருக்கேன். ஒவ்வொரு ஆசிரியர்கிட்டயும் இப்போதைய எண்ணோட சேர்த்து, அவங்க பணிக்காலத்துலயே உச்சமா இருந்த வருஷம் எது, அடியில கிடந்த வருஷம் எது, அப்போ பள்ளியில என்ன நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லப் போறேன். பழைய ஞாபகத்தை நம்பி எடுக்கற தரவு பலவீனமானதுன்னு மேற்பார்வையாளர் இழுத்தார். நியாயமான கவலைதான். இன்னிக்கு இருக்கற மனநிலை பழைய வருஷத்துக்கும் சாயம் பூசிடும். ஆனாலும் "யாருக்கு ஈடுபாடு இருக்கு"ன்னு கேட்டா நல்ல டீச்சர், கெட்ட டீச்சர்னு பிரிக்கத்தான் முடியும். "எப்போ இருந்துச்சு, எப்போ போச்சு"ன்னு கேட்டாத்தான் எதை மாத்தணும்னு தெரியும்னு வாதாடினேன். கடைசியில, கூடுதல் பகுதியா வெச்சுக்கோன்னு ஒத்துக்கிட்டார்.

அம்மாவோட பதில்கள் ஆய்வுல சேராது. சொந்த அம்மாவை மாதிரியில சேர்த்தா மதிப்பெண்ணைக் கிழிச்சுடுவாங்க :-) அதனாலதான் இங்க எழுதி வெச்சேன்.

போனை வைக்கறதுக்கு முன்னாடி அம்மா கேட்டாங்க, "இதெல்லாம் அதிகாரிங்க யாராச்சும் படிப்பாங்களா?" தெரியலம்மான்னு சொன்னேன். "சரி, அப்ப அந்த 2ஐ 3ன்னு மாத்திக்கோ"ன்னாங்க. ஏன்னு கேட்டேன்.

"ஒண்ணாவதுல ஒரு பையன், நாலு மாசமா வாயே திறக்காதவன், நேத்து 'டீச்சர், போனை வெச்சுட்டு இங்க வா'ன்னு கூப்பிட்டான்."

பி.கு: இதைப் படிக்கிற ஆசிரியர்கள் உங்க உச்ச வருஷத்தையும் அடி வருஷத்தையும் எழுதுங்க. ஆய்வுக்கு இல்லை, சும்மா தெரிஞ்சுக்கத்தான். ஹீட்டரை அணைக்கற நேரம் வந்தாச்சு. அடுத்த பதிவுல பார்ப்போம்.